கடைசி இரவுக் கவர்

தமிழில் யாரும் 'டிப்' என்று சொல்வதில்லை. பத்து ரூபாய் கொடுத்தாலும் 'டிப்ஸ்'தான். பன்மையாகவே நம்மிடம் வந்து சேர்ந்த சொல். அதற்கு முன்னால் 'இனாம்' இருந்தது. அரசர் கொடுத்தால் நிலம், துரை கொடுத்தால் காசு, இரண்டுக்கும் அதே பெயர். இன்றைக்கும் ஒருவர் கையில் இருபது ரூபாயை வைக்கும்போது "டீ செலவுக்கு வச்சுக்கோங்க" என்றுதான் சொல்கிறோம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதற்குள்ள சொற்களுக்கு நேர்ப்பொருள் 'குடிக்கிறதுக்கான காசு'. கொடுக்கிறவர் கண்ணில் இது எல்லா ஊரிலும் சில்லறைதான். ஒரு டீ, ஒரு கோப்பை பீர். வாங்குகிறவரின் பிள்ளை பள்ளிக்கூடம் போவது இந்தக் காசில்தான் என்றால் அதை டீ செலவு என்று சொல்வது கொஞ்சம் இடிக்கும். சொகுசுக் கப்பல்களில் அப்படித்தான் இருக்கிறது.

க்ரூஸ் போகப்போகிற நண்பர்கள் யாராவது என்னிடம் பேசினால், பாஸ்போர்ட், விசா, கடல்வாந்தி மாத்திரை எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி வரும். "அந்த டிப்ஸை கேன்சல் பண்ணிடலாமாமே, பண்ணிடவா?" அமெரிக்கக் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தாமாகவே பில்லில் ஏற்றிவிடுகின்றன. நாலு பேர் கொண்ட குடும்பம், ஏழு இரவு, நாளுக்கு 16 டாலர் என்று போட்டால் 448 டாலர். டிக்கெட் எடுக்கும்போது பெரிய எழுத்தில் போட்டிருந்த விலையில் இது இல்லை. கவுண்டரில் போய்ச் சொன்னால் நீக்கிவிடுவார்கள் என்பதும் பல நிறுவனங்களில் உண்மைதான். "நானா மனசு வந்து குடுத்தாத்தானே டிப்ஸ்? நீயே எடுத்துக்கிட்டா அது என்ன டிப்ஸ்?" என்று நண்பர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

பில்லில் அந்தத் தொகைக்கு எதிரே 'கிராஜுவிட்டி' என்று போட்டிருக்கும். மாதச் சம்பளம் வாங்குகிற இந்தியருக்கு இந்தச் சொல் வேறு அர்த்தத்தில் பழக்கம். வேலையை விடும்போது, உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கையில் வரும் பணம். அதற்கு 1972-ல் இங்கே சட்டமே வந்தது, முதலாளி தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அதே 1972-ல்தான் மயாமியில் டெட் அரிசன் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் கப்பல் மார்டி கிரா முதல் பயணத்திலேயே மயாமிக்கு வெளியே மணலில் தட்டி நின்றது என்பது தனிக் கதை. ஒரே சொல் ஒரு கரையில் உரிமையாகவும் இன்னொரு கரையில் தயவாகவும் ஆனது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

டைட்டானிக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். படம் பார்த்த எல்லாருக்கும் கப்பல் மூழ்கும்போது வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர்கள் நினைவில் இருப்பார்கள். அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பது படத்தில் வராது. வாலஸ் ஹார்ட்லியும் அவரோடு இருந்த ஏழு பேரும் கப்பல் நிறுவனமான ஒயிட் ஸ்டார் லைனின் ஊழியர்கள் இல்லை. லிவர்பூலைச் சேர்ந்த பிளாக் சகோதரர்களின் ஏஜென்சி அவர்களை அனுப்பியிருந்தது. முன்பெல்லாம் கப்பல் நிறுவனங்கள் நேரடியாக எடுத்தபோது மாதம் 6 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது. ஏஜென்சி உள்ளே நுழைந்ததும் அது 4 பவுண்டு ஆனது, சீருடைக் காசும் அவர்கள் தலையில் விழுந்தது. எங்கள் துறையில் 'தேர்ட் பார்ட்டி பேரோல்' என்று சொல்கிறோமே, அதேதான்.

கப்பல் மூழ்கி இரண்டு வாரம் கழித்து, 1912 ஏப்ரல் 30 தேதியிட்டு, ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊரில் இருந்த ஆண்ட்ரூ ஹியூமுக்கு அந்த ஏஜென்சியிலிருந்து ஒரு கடிதம் போனது. அவருடைய மகன் ஜாக் ஹியூம், 21 வயது, குழுவில் வயலின் வாசித்தவன். மகனின் சீருடைக் கணக்கில் 5 ஷில்லிங் 4 பென்ஸ் பாக்கி இருக்கிறது, தயவுசெய்து அனுப்பிவைக்கவும் என்பதுதான் விஷயம். இறந்தவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டபோது, அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் வந்தவர்கள் என்று கப்பல் நிறுவனம் கைவிரித்தது. நீதிமன்றத்திலும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கதை ஓரளவு பிரபலம். எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்டீவர்டுகளின் கதை. டைட்டானிக்கில் சுமார் 900 ஊழியர்கள். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சாப்பாடு, படுக்கை, பரிமாறல் பிரிவு. சாதாரண ஸ்டீவர்டின் சம்பளம் மாதம் 3 பவுண்டு 15 ஷில்லிங். அதே கப்பலில் சார்லட் கார்டீசா என்ற அமெரிக்கச் சீமாட்டி தனக்கும் மகனுக்கும் இரண்டு பணியாளர்களுக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட் 512 பவுண்டுக்குச் சற்று மேல். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரிக்கிற ஆள் ஒரு பென்னி செலவழிக்காமல் 11 வருடத்துக்கு மேல் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும்.

இந்தச் சம்பளத்துக்கு ஆள் எப்படிக் கிடைத்தது? டிப்ஸ்தான். அதனால்தான் முதல் வகுப்பு வேலைக்கு அத்தனை போட்டி. நிறுவனத்துக்கும் இது தெரியும், தெரிந்துதான் சம்பளத்தை அந்த அளவில் வைத்திருந்தது. பயணியும் தெரிந்தேதான் கப்பல் ஏறினார். யாருக்கு எவ்வளவு என்று எழுதப்படாத பட்டியல் இருந்தது, பிறகு அது எழுதவும் பட்டது. அமெரிக்காவில் எமிலி போஸ்ட் 1922-ல் வெளியிட்ட நன்னடத்தை நூலில் கப்பல் டிப்ஸுக்குத் தனியாக இடம் உண்டு. அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு 10 ஷில்லிங், சாப்பாட்டு மேசையில் பரிமாறியவருக்கு 10 ஷில்லிங் என்று கணக்காக இருக்கும். அன்றைய மதிப்பில் சுமார் இரண்டரை டாலர். எந்தக் கத்தியால் மீனை வெட்டுவது என்று சொல்லித்தருகிற அதே புத்தகத்தில்தான் ஒரு தொழிலாளியின் வருமானமும் வருகிறது.

இந்தப் பணம் கைமாறுவது பயணத்தின் முடிவில். டைட்டானிக் நியூயார்க் சேர வேண்டிய நாள் ஏப்ரல் 17. மூழ்கியது 15-ஆம் தேதி அதிகாலை 2.20. பிழைத்து வந்த ஸ்டீவர்டுகளின் சம்பளக் கணக்கையும் நிறுவனம் அந்த 15-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. அன்றைய சட்டப்படி அதில் தவறில்லை, கப்பல் இல்லை என்றால் ஒப்பந்தமும் இல்லை. ஆக ஐந்து நாள் சம்பளம், டிப்ஸ் சுத்தமாக இல்லை. கப்பல் மூழ்கினால் ஊழியருக்கு இரண்டு மாதம் வரையாவது சம்பளம் தரவேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்தது 1920-ல். அந்த இரண்டு மாதக் கணக்கிலும் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் வரும். கிடைத்திருக்கக்கூடிய டிப்ஸுக்கு எந்த ஏட்டிலும் பதிவு கிடையாது.

முதலாளி கொடுக்க வேண்டியதை விருந்தாளி தலையில் கட்டும் பழக்கம் கப்பலில் பிறந்தது இல்லை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீட்டு விருந்துக்குப் போனால், கிளம்பும்போது வாசல் வரைக்கும் வேலைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது வைக்காமல் வண்டி ஏற முடியாது. 1760 வாக்கில் சில கனவான்கள் சேர்ந்து இனி இது வேண்டாம் என்று கிளம்பினார்கள். 1764-ல் லண்டன் ரானிலா பூங்காவில் வேலைக்காரர்கள் கலகமே செய்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது எளிது. அந்தக் காசை நம்பித்தானே எஜமானர்கள் சம்பளத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள்!

அமெரிக்காவில் இது இன்னும் கசப்பான வடிவம் எடுத்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஜார்ஜ் புல்மன் தன்னுடைய படுக்கை ரயில் பெட்டிகளில் வேலைக்கு, அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்திருந்த கறுப்பின ஆண்களை எடுத்தார். சம்பளம் குறைவு, மிச்சத்தைப் பயணியிடம் சிரித்துப் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். பயணிகள் அவர்களுடைய பெயரைக் கேட்கவே மாட்டார்கள். எல்லாரும் 'ஜார்ஜ்'தான், முதலாளியின் பெயரால். 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டியபோது வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, டிப்ஸை நம்பாமல் வாழக்கூடிய சம்பளம். 1937-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது, மாத வேலை 400 மணி நேரத்திலிருந்து 240 ஆகக் குறைந்தது. தரையில் இது நடந்தது. அங்கே சட்டம் எட்டும், சங்கம் எட்டும், நீதிமன்றம் எட்டும்.

கடலில் ஏன் எட்டவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு மதுக்கதை இருக்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலும் சரக்கு ஊற்றக் கூடாது என்று வந்ததும், 1922-ல் ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களை அவற்றின் முதலாளிகள் பனாமா நாட்டில் பதிவு செய்தார்கள். கப்பல் அதே கப்பல், முதலாளி அதே முதலாளி, கொடி மட்டும் வேறு. சட்டமும் பனாமாவின் சட்டம் ஆகிவிட்டது. மதுவிலக்கு 1933-ல் போய்விட்டது. கொடி மாற்றுகிற வித்தை போகவில்லை. சரக்குக்காகக் கண்டுபிடித்த சந்தில் சம்பளமும் நுழைந்து போகலாம் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தாது என்று 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பு வந்த மூன்று வருடத்தில், 1966 டிசம்பரில், நார்வேக்காரர் க்னூட் க்ளோஸ்டரும் மேலே சொன்ன அரிசனும் சேர்ந்து சன்வர்ட் என்ற கப்பலை மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு விட்டார்கள். இன்று நாம் பார்க்கிற க்ரூஸ் தொழில் கிட்டத்தட்ட அங்கேதான் தொடங்குகிறது. விமானம் வந்து அட்லாண்டிக் கப்பல்களைக் காலி செய்திருந்தது. இனிமேல் கப்பல் ஓர் ஊருக்குப் போய்ச்சேருவதற்காக இல்லை, சுற்றிவிட்டு வருவதற்காக. பயணிகள் அமெரிக்கர்கள். ஊழியர்கள் கரீபியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று சம்பளம் மலிவான எல்லாக் கரைகளிலிருந்தும். பயணியின் ஊர்ப்பழக்கம் டிப்ஸ், ஊழியரின் ஊரில் டாலருக்கு மதிப்பு. இரண்டையும் சேர்த்துவிட்டால் அடிப்படைச் சம்பளம் என்று பெயருக்கு ஏதாவது போட்டால் போதும்.

கடைசி இரவுக் கவர் இந்தக் காலத்து வழக்கம். மேசையைத் துடைத்துத் தட்டு எடுத்தவர், பரிமாறியவர், அவருக்கு மேலே ஒரு தலைமை வெயிட்டர், அறையைச் சுத்தம் செய்தவர் என்று ஆளுக்கொரு சிறிய கவர். யாருக்கு எவ்வளவு உத்தமம் என்று துண்டுச் சீட்டில் அச்சடித்து அறையில் வைத்துவிடுவார்கள். ஏழு நாளும் அதே மேசை, அதே வெயிட்டர், அதனால் முகம் தெரியும். அந்த முகம் தெரிவதில் ஒரு கொடுமையும் இருந்தது. கடைசி இரவு விருந்துக்கு மட்டும் வராமல் நழுவிவிடும் பயணிகள் எல்லாக் கப்பலிலும் உண்டு. ஏழு நாள் சிரித்தவர் எட்டாவது நாள் காலையில் வெறும் கையோடு அடுத்த கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

2000-ல் நார்வீஜியன் நிறுவனம், பயணி எந்த நேரத்தில் வேண்டுமானாலும் எந்த உணவகத்தில் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று கொண்டுவந்தது. மற்றவர்களும் அந்த வழிக்கு வர ஆரம்பித்தார்கள். இன்று ஒரு வெயிட்டர், நாளைக்கு வேறொருவர் என்றால் கவரை யாரிடம் கொடுப்பது? தினப்படி பில்லில் ஏற்றும் முறை இந்தக் காலத்தில்தான் பரவியது. இதை முழுக்க மோசம் என்று நான் சொல்லமாட்டேன். கவர் காலத்தில் பார்வையில் பட்டவருக்குத்தான் காசு. இப்போது பொதுவில் சேர்ந்து பல பேருக்குப் பிரிகிறது, நழுவுகிறவர்களும் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தொகை எப்படிப் பிரிகிறது என்பதைப் பயணி பார்க்க முடியாது. பில்லில் பெயர் நன்றிப் பணம், கணக்குப் புத்தகத்தில் வேலை சம்பளப் பணம். விலை உயரும்போது டிக்கெட்டைத் தொடாமல் இதை மட்டும் ஒரு டாலர் ஏற்றிவிடலாம்.

நான் மயாமியிலிருந்து நாலு இரவு போய் வந்த ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்), இரவுச் சாப்பாட்டில் எங்கள் மேசைக்குத் துணை வெயிட்டராக வந்த பையன் திண்டுக்கல் பக்கத்துக்காரன். முதல் நாள் "சார்", நாங்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்ட தமிழைக் கேட்ட பிறகு "அண்ணே". கேட்டரிங் படித்துவிட்டு வந்தவன். எட்டு மாத கான்ட்ராக்ட். "ரெஸ்ட் உண்டுண்ணே, லீவுதான் கிடையாது" என்றான். அது எவ்வளவு துல்லியமான வாக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஓய்வுக்குக் கீழ்வரம்பு வைக்கிறது. ஒரு நாளில் 10 மணி நேரம், ஒரு வாரத்தில் 77 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 77 போனால் மிச்சம் 91. வேலை நேரத்துக்கு 72 மணி உச்சவரம்பு என்று இன்னொரு வழியும் அதே உடன்படிக்கையில் உண்டு. இரண்டில் எது என்பதைக் கொடி நாடு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஏழு நாளில் ஒரு நாள் விடுமுறை என்பதற்கு இந்தக் கணக்கில் அவசியமே வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் கையில் கொஞ்சம் டாலர் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் வேறு எதையோ கேட்க நின்றது. "அண்ணே, கடைசி நாள் மெயில்ல ஒரு சர்வே வரும். பத்துக்குப் பத்து போட்டுட்டு என் பேரையும் எழுதிருங்க. ஒம்பது போட்டாக்கூட என்னாச்சுன்னு கேப்பாங்கண்ணே." அடுத்த கான்ட்ராக்ட், மேசை ஒதுக்கீடு, பிரமோஷன் எல்லாம் அதில் தொங்குகிறது என்றான். எங்களுக்கும் வருடா வருடம் ரேட்டிங் உண்டு, சம்பளத்தில் ஒரு பங்குக்கு 'வேரியபிள்' என்று பெயர் உண்டு. ஆனால் என் மேனேஜரிடம் நான் வாதாடலாம், குறைந்தபட்சம் மெயில் போடலாம். சூப் கொஞ்சம் ஆறிப்போனதற்காகத் தூக்கக் கலக்கத்தில் எட்டு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்ட பயணியிடம் அவன் எங்கே போய் வாதாடுவான்?

காசையும் மதிப்பெண்ணையும் ஒரே முடிச்சாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பதிவான வழக்கே இருக்கிறது, அதில் நம்மூர்க்காரர்கள்தான் இருக்கிறார்கள். பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கோவாக்காரர்களை ஸ்டீவர்டு வேலைக்கு எடுத்துவந்தது. அந்தக் கப்பல்களில் வேலை தேடி பம்பாய் வந்த கோவாக்காரர்கள் தங்க, ஊருக்கு ஊர் 'கூட்' என்ற விடுதிகளே இருந்தன. ஆசியக் கப்பலோட்டிகளுக்கு வெள்ளையர் சம்பளத்தில் சிறு பங்குதான் என்பது அன்றைய ஒப்பந்த முறையின் அங்கம். 2011-ல் அதே பி அண்ட் ஓ பெயர் தாங்கிய ஆர்கேடியா கப்பல் அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் நின்றபோது, சுமார் 150 இந்திய ஊழியர்கள் சம்பளம் போதவில்லை என்று கரையில் இறங்கி ஒன்றரை மணி நேரம் அமைதியாக நின்றார்கள். பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களை மறுபடி வேலைக்குக் கூப்பிடப்போவதில்லை என்று நிறுவனம் பிற்பாடு முடிவு செய்தது. வேலைநீக்கம் என்று யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை, கான்ட்ராக்ட் முடிந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் கார்டியன் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் கப்பல்களில் அடிப்படைச் சம்பளம் மாதம் 250 பவுண்டு வரை கீழே இருக்கிறது, மணிக்கு 75 பென்ஸ் அளவு. பயணிகளிடம் பில்லில் பிடிக்கிற டிப்ஸை, திருப்தி மதிப்பெண் இலக்கைத் தொட்டால் போனஸாகத் தருவது என்பது திட்டம். அதாவது பயணி ஏற்கெனவே கொடுத்துவிட்ட நன்றியை நிறுவனம் இன்னொரு முறை பரீட்சை வைத்துக் கொடுக்கும்.

இதே நிறுவனம் 2019-ல் டிப்ஸ் பிடிப்பதை நிறுத்தி, எல்லாம் டிக்கெட் விலைக்குள்ளேயே என்று அறிவித்தது. சில சொகுசு நிறுவனங்கள் முன்பிருந்தே அப்படித்தான். முடியாத காரியம் ஒன்றும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. இன்னொரு பக்கம் ஹாலந்து அமெரிக்கா நிறுவனம், எங்கள் கப்பலில் டிப்ஸ் கட்டாயமில்லை என்று பல காலம் விளம்பரம் செய்துவந்தது, 2000-களில் அதைக் கைவிட்டு மற்றவர்களைப் போல் தினக் கட்டணத்துக்கு மாறிவிட்டது. மலிவு டிக்கெட்டை முதல் பக்கத்தில் காட்டி ஆள் பிடிக்கிற போட்டியில், சம்பளத்தை விலைக்குள் வைப்பவரின் விலைதான் கூடுதலாகத் தெரியும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கேன்சல் பண்ணாதீங்க. நிறுவனத்துக்கு எதிராக உங்கள் கொள்கையைக் காட்டுவதாக நீங்கள் நினைக்கலாம். டிக்கெட் விலையில் அவர்களுக்கு ஒரு சென்ட் குறையாது, குறைவது ஊழியர்களின் பொதுத் தொகைதான். சில ஒப்பந்தங்களில் இவ்வளவுக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் உண்டு. அதற்கு மேலே வருவது உங்களிடமிருந்துதான். "இல்லப்பா, நான் கேன்சல் பண்ணிட்டு நேரா அந்தப் பையன் கையிலயே குடுத்துடறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல மனசுதான். பில்லில் நீக்கிய பயணியிடம் கையில் வாங்கினால் அதைப் பொதுவில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதி சில கப்பல்களில் இருக்கிறது. பில்லில் உள்ளதை விட்டுவிட்டு, தனியாக இருபது டாலர் கொடுங்கள். முதல் நாளே கொடுத்தால் கவனிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது, அது வேறு வியாபாரம். சர்வேயில் பெயர் எழுதுங்கள், பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். சாப்பாடு சரியில்லை என்ற கோபத்தைப் பரிமாறியவரின் மதிப்பெண்ணில் காட்டாமல், சாப்பாட்டுக்கென்று இருக்கும் கட்டத்தில் காட்டுங்கள்.

நாளுக்கு 16 டாலர் அதிகம் என்று தோன்றினால், டிக்கெட்டோடு அதையும் கூட்டித்தான் பயணத்தின் விலை என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நாலு இரவுக்குப் பதில் மூன்று இரவு போகலாம், ஜன்னல் இல்லாத அறை எடுக்கலாம்.

இன்னொன்று. சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் படுக்கையில் துண்டை யானையாகவோ குரங்காகவோ மடித்து வைத்திருப்பார்கள், பிள்ளைகள் குதிக்கும், நாம் போட்டோ எடுப்போம். மடித்தவரை இரண்டு நாளில் தெரிந்துவிடும், கவரும் கொடுத்துவிடலாம். அந்தத் துண்டைத் துவைத்துக் காயவைத்தவர் நாம் போகவே முடியாத கீழ்த்தளத்தில், இயந்திரச் சூட்டில் நிற்கிறார். பல கப்பல்களில் பில்லில் பிடிக்கும் தொகையிலிருந்து அவர்களுக்கும் ஒரு பங்கு போகிறது. கடைசி இரவு கவுண்டரில் நிற்கும் நீக்கல் வரிசையைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தளம்தான் ஞாபகம் வரும்.